தம்பியின் டிரம்ஸ் இல்லாத ஆல்பம்

பன்னிரண்டு வருடம் ராக் குழுவில் பாடியவள், தம்பி அடிக்கும் டிரம்ஸ்தான் தன் குரலை அமுக்குகிறது என்று குழுவை உதறிவிட்டுத் தனியாகப் பாடக் கிளம்பினாள். முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் கிடையாது. இரண்டாவதில் பேஸ் கிதாரும் போயிற்று. மூன்றாவதில் மிச்சமிருந்த ஒற்றைக் கிதார் அடுத்த தெருவில் வாசிப்பதுபோல் கேட்டது. மகாராணிக்கு இனி போட்டியில்லை.

கேட்டுப் புத்தி வரட்டும் என்று தம்பியையும் ஸ்டூடியோவுக்கு வரச்சொன்னாள். ஒலிப்பதிவாளர் பாட்டைப் போட்டார். முதல் வரியிலேயே சுருதி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

"மைக்ல ஏதோ கோளாறு," என்றாள்.

"மைக் நல்லாத்தான் இருக்குக்கா," என்றான் தம்பி. "பன்னெண்டு வருஷமா கை வலிக்க வலிக்க அவ்வளவு சத்தமா எதுக்கு அடிச்சேன்னு நெனச்சே?"