சண்முகப்ரியாவின் ஜோடி பாலிசி

சோமனூர்த் தறிக்குடோனில் வேலை பார்த்த சண்முகப்ரியாவுக்குத் தொண்ணூற்றைந்தில் விவாகரத்து ஆனது. கோயமுத்தூர் கோர்ட்டிலிருந்து திரும்பிய கையோடு தலை முழுகினாள். அத்தோடு எல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தாள். ஒன்று மட்டும் தீரவில்லை. கல்யாணமான புதிதில் இருவர் பேருக்கும் சேர்த்து எடுத்த ஆயுள் காப்பீடு.

"ஜோடி பாலிசிங்க அம்மணி," என்றார் ஏஜெண்ட் வரதராஜுலு. "கோர்ட்டு உங்களைத்தான் பிரிக்கும், இதைப் பிரிக்காது. ஒருத்தர் போய்ட்டா இன்னொருத்தருக்குப் பணம். முறிக்கோணும்னா ரெண்டு பேர் கையெழுத்தும் வேணுமுங்க."

"அவுரு இன்னும் பணம் கட்டறாருங்களா?"

"உடாமக் கட்டறாருங்க. அத்தனை பாசம்!" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய மாஜிப் புருஷன் அன்புமணி பல்லடத்தில் கோழி வண்டி ஓட்டுகிறவன். சந்தை நாளில் குடோனுக்கு எதிரே வண்டியை நிறுத்தி அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். கூப்பிட மாட்டான், இறங்கவும் மாட்டான். கரண்ட் போய்த் தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் ஓயும்போது, கூண்டுக்குள் கோழிகள் பிறாண்டுவது இங்கே கேட்கும். பார்த்து முடித்ததும் போய்விடுவான்.

"மறுக்கா கூட்டிட்டுப் போறக்குத்தான் வாரானாட்ட இருக்குது," என்று பக்கத்துத் தறிக் காளியாத்தாள் சீண்டினாள்.

"இல்லீங்கக்கா. நான் இன்னும் இருக்கறனான்னு பாத்துட்டுப் போறாரு."

சொன்ன பிறகுதான் தன் பயம் இன்னதென்று அவளுக்கே விளங்கியது. ரோட்டில் பின்னால் லாரி வந்தால் வேலியோரம் ஒதுங்கி நின்றாள். தான் செத்தால் ஒருவனுக்கு லாபம் என்று தெரிந்துகொண்டு எப்படித் தூங்குவது? பாலிசியை முறித்தே ஆகவேண்டும். வரதராஜுலு கொடுத்த முறிப்புத் தாளில் தன் கையெழுத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு பல்லடம் பஸ் ஏறினாள்.

உச்சி வெயில். தெருவில் ஆளில்லை. அவன் மறுகல்யாணம் செய்திருந்தது அவளுக்குத் தெரியும். வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த பிள்ளைத்தாய்ச்சிப் பெண் நிமிர்ந்தாள். கையிலிருந்த முறம் கீழே விழுந்தது.

"வெள்ளிக்கெழமை சேலை வெச்சுக் கும்புட்டனுங்களே அக்கா," என்றாள் நடுங்கி. "கொறை இருந்தாச் சொல்லிப்போடுங்க. வகுத்துப் புள்ளைய மட்டும் ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க!"

சண்முகப்ரியா அவள் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தாள். சுவரில் தன்னுடைய படம். மாலை, குங்குமம், எரியும் விளக்கு, கீழே மடித்து வைத்த புதுச்சேலை. முதல் தாரம் செத்த வீட்டுக்கு வாழ வருகிறவள் மூத்தவளுக்குச் செய்கிற கும்பிடு. கல்யாணப் படத்தில் அவனை வெட்டிவிட்டு மாட்டியிருந்தார்கள். அவனது தோள் ஓரத்தில் மிச்சம் இருந்தது. 'நான் சாகலை கண்ணு' என்று சொல்ல வாய் திறந்தாள். படத்தில் இருப்பவள்தான் நிஜமோ என்று ஒரு நொடி தோன்றிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியிலிருந்து வந்த அன்புமணிக்கு முகம் வெளுத்தது. அவளருகே வந்து, "கோர்ட்டுல பிரிஞ்சவன்னா ஆரு பொண்ணு குடுப்பாங்க?" என்று முணுமுணுத்தான். அவள் தாளை நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். நாந்தான கட்டறேன், உனக்கென்ன நட்டம்?"

அந்தப் பெண் சட்டென்று விழுந்து சண்முகப்ரியாவின் பாதங்களைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது. பாதம் சுட்டது. ரோட்டுப் புழுதி ஒட்டியிருந்தது. கணுக்காலில் நரம்பு துடித்தது. மெல்ல நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"போட்டுக் குடுங்க," என்றாள். இப்போது நடுக்கம் இல்லை.

அவன் போட்டுக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனான்.

வாசல் படல்வரை கூடவே வந்தவள் தன் பேர் கிருபா என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, போன மாசம் எங்க ரெண்டு பேர் பேர்லயும் இதே மாதிரி ஒண்ணு போட்டாருங்க. அதை என்னங்க பண்றது?" என்று கேட்டாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே அன்புமணி படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். மாலையைச் சுருட்டினான், விளக்கை அணைத்தான். ஆணியை மட்டும் பிடுங்கவில்லை. கிருபாவின் கண் அந்த ஆணியை விட்டு அகலவில்லை.

"உங்கம்மா ஊடு எங்க கண்ணு?"

"சிங்காநல்லூருங்க."

முக்கில் பஸ் திரும்பும் ஓசை கேட்டது. "வா," என்று சண்முகப்ரியா அவள் கையைப் பிடித்தாள். "செருப்பெல்லாம் தேட வேண்டாம்."