என் பெயருக்கு முன்னால் ஓர் ‘அமரர்’

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் இறந்துபோனேன்.

பயப்படாதீர்கள். வாட்ஸ்அப்பில்தான்.

மகள் கவிதாவின் கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் பிரதி, மாப்பிள்ளை வீட்டிலிருந்து என் மனைவி பார்வதியின் போனுக்கு வந்தது. பிள்ளையார் படம், முகூர்த்த நேரம், மண்டபம், சைவ விருந்து... எல்லாம் சரி. மணமகளின் பெற்றோர் என்ற இடத்தில் பார்வதியின் பெயருக்கு மேலே என் பெயர். அதற்கு முன்னால் — ‘அமரர்’.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அமரர்தான். பார்வதி அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

உயிரோடு இருப்பவனை எப்படி அமரர் ஆக்கினார்கள்? நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒன்றரை வருடம் பின்னால் போக வேண்டும்.

இத்தனை வாரமாக ஞாயிற்றுக்கிழமை பேப்பரின் இந்தப் பக்கத்தில் முட்டைக்கோஸ் லாரி, சனிக்கிழமை டிராபிக் ஜாம், ஓயாத மழை என்று எழுதிக்கொண்டிருந்தவன், ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லவில்லை. எனக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது.

வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போனது. முந்தின நாள் சாப்பிட்ட டிராகன் பழம் என்று நினைத்தேன். பழம் சாப்பிடுவதை நிறுத்தியும் சிவப்பு நிற்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதும் கிராணியாக மலை ஏறி இறங்கியவன், குளிருக்குச் சிகரெட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டவன்... வலிக்காததை எதற்கு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டேன். அது என் முட்டாள்தனம். அதற்கு வேறு யார் மீதும் கோபப்பட எனக்கு உரிமை இல்லை.

ஈப்போவில் ஆபரேஷன். சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டார்கள். குடலில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, வயிற்றின் வலது பக்கம் சிறுநீர் வெளியே வர ஒரு வழி செய்தார்கள். அதன் மேல் ஒட்டிய ஒரு பை. சிறுநீர் என்னைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அது பாட்டுக்குச் சேரும். பாதி நிறைவதற்குள் கழிப்பறைக்குப் போய் அடியில் இருக்கும் குழாயைத் திறந்துவிட வேண்டும். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை பையை மாற்ற வேண்டும். நம் மலைக் குளிரில் அதன் ஒட்டும் பகுதி லேசில் பிடிக்காது. அக்குளில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சூடேறியதும் ஒட்டுவேன்.

முதல் மாதத்தில் மூன்று முறை கசிந்தது. அதில் ஒருமுறை பஸ்ஸில். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் பழகிவிட்டது. இப்போது வலி இல்லை, வாடை இல்லை. கியா பார்ம் சந்தை வரை நடந்து போய்க் காய்கறி வாங்கி வருகிறேன்.

பழகாதது என் சொந்தபந்தங்களுக்குத்தான்.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று நான் ஈப்போவில் செக்அப்பில் இருந்தேன். அடுத்து நிச்சயதார்த்தம். அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே என் அக்கா சரோஜா கம்போங் ராஜாவிலிருந்து வந்து இறங்கிவிட்டாள். வந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“தம்பி, தப்பா எடுத்துக்காத லா. நல்ல காரியம். நீ அத வச்சுக்கிட்டு உக்காந்து தட்டு மாத்துனா நல்லாவா இருக்கும்? முனியாண்டி மாத்தட்டும். தாய்மாமன்தானே அவன்?”

“எதக்கா வச்சுக்கிட்டு?”

“அதான்... அந்த இது.”

அறுபத்தெட்டு வயது அக்காவுக்குப் ‘பை’ என்று சொல்ல வாய் வரவில்லை. பார்வதி தரையைப் பார்த்தாள். கவிதா துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. அவள் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

அப்படியாக, என் மைத்துனன் முனியாண்டி பட்டு வேட்டியில் கம்பீரமாக உட்கார்ந்து தட்டு மாற்றினான். அவனுக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். மேல்வரிசைப் பல் கழற்றி மாட்டுவது. அதெல்லாம் டாக்டர் வைத்த சாமான் இல்லையா? இதயத்தில் கம்பி வைத்தால் கௌரவம், வயிற்றில் பை வைத்தால் கேவலமா? அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிடமும் சிறுநீர் இருந்தது. அவர்கள் உள்ளே வைத்திருந்தார்கள், நான் வெளியே வைத்திருந்தேன். அவ்வளவுதானே வித்தியாசம்?

என் மகளுக்கு வந்த தட்டை வேறொரு கை வாங்கியது. நான் கடைசியில், பீஹூன் நூடுல்ஸ் சட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. அதற்கும் ஆபரேஷனுக்கும் சம்பந்தமில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அப்பா இருந்தால் அப்பாதான் தட்டு மாற்றுவார். அப்பா இல்லாத பெண்ணுக்குத்தான் தாய்மாமன் உட்காருவார். சம்பந்தி கோவிந்தசாமி, திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருப்பவர், கண்ணால் கண்டதை வைத்து முடிவுக்கு வந்துவிட்டார். “பொண்ணோட அப்பா...?” என்று அவர் இழுத்ததற்கு, “எல்லாம் தாய்மாமன் பாத்துக்குவாருங்க” என்றிருக்கிறாள் அக்கா. மரியாதை தெரிந்த மனிதர், மேற்கொண்டு கிளறவில்லை. பார்வதியின் தாலியோ, கழுத்து வரை பட்டன் போட்ட ஸ்வெட்டருக்குள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. அவரிடம் காட்டாமல் அவருடைய அப்பாவே பத்திரிகையை எழுதி அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை நேரே திரிங்காப்புக்குப் போனேன். பூத்தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் சம்பந்தி சாமந்திப் பூக்களைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

“யாரு, தெரியலீங்களே?”

“நான்தாங்க கவிதாவோட அப்பா.”

சத்தியமாகச் சொல்கிறேன், மனிதர் முதலில் என் காலைத்தான் பார்த்தார். தரையில் பட்டிருக்கிறதா என்று.

உட்கார வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைக்கு மேலேயே தொட்டு, பை இருக்கும் இடத்தையும் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“மன்னிச்சிருங்க சம்பந்தி, பெரிய தப்புப் பண்ணிட்டேன். ஆனா ஏன் மறைச்சீங்க?”

“நான் ஒண்ணையும் மறைக்கலீங்க. என்னையத்தான் மறைச்சாங்க.”

கையிலிருந்த பூக்கட்டைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: “தாரை வாக்கறதுக்கு ரொம்ப நேரம் மேடையில உக்காரணுமே. சம்மணம் போட்டா பை மடங்குமா? முக்காலி போடச் சொல்லவா? மேடைக்குப் பின்னால ஒரு டாய்லெட் இருக்கு லா, பூட்டித்தான் வச்சிருப்பானுங்க. சாவிய நான் வாங்கித் தாரேன்.”

ஒன்றரை வருடத்தில் என் ரத்த சொந்தம் ஒன்றுகூட இப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் என்னை எங்கே ஒளித்து வைப்பது என்றுதான் யோசித்தார்கள். இந்த மனிதர் என்னை எப்படி உட்கார வைப்பது என்று யோசித்தார்.

வீட்டுக்கு வந்து கவிதாவைக் கேட்டேன். “ஏம்மா அன்னைக்கு வாயத் தொறக்கல?”

“அவங்க வீட்டுல வேணாம்னு சொல்லிட்டா என்னப்பா பண்றது? பயந்துட்டேன்.”

கத்தினேன். நன்றாகவே கத்தினேன், பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. மறுநாள் முழுக்க அவளோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பை மாற்றும் நாள். குளியலறைக் கதவு தட்டப்பட்டது. “அப்பா, நான் பாக்கலாமா?”

அவள் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வயிற்றில் சிவந்து, ஈரமாக இருக்கும் அந்தச் சின்ன வாயைப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. “வலிக்குமாப்பா?” என்றாள். “இல்லம்மா, அதுக்கு வலியே தெரியாது” என்றேன். புதுப் பையை என் கையிலிருந்து வாங்கி, ஒட்டும் பகுதியைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடேற்றினாள்.

“கல்யாணத்தன்னைக்குக் காலையில நானே ஒட்டி விடறேன்ப்பா. அப்புறந்தான் எனக்கு அலங்காரம்.”

அவள் மேல் இருந்த கோபம் அங்கேயே தீர்ந்தது. மற்றவர்கள் மேல் இருப்பது தீரவில்லை. இந்த மலையில், இந்தத் தோட்டத்து லய வீடுகளில், என்னைப் போல எத்தனை பேரைக் கல்யாணத்துக்கு வராதே, கோயிலுக்கு வராதே என்று வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள்? உயிரைக் காப்பாற்றிய பையை, ஏதோ திருடி வந்த பொருளை ஒளிப்பது மாதிரி ஏன் ஒளிக்க வேண்டும்? சொல்லுங்கள்.

பத்திரிகையைத் திருத்தி அனுப்பிவிட்டார் சம்பந்தி. தாரை வார்த்துக் கொடுக்க நான்தான் மேடையில் உட்காரப்போகிறேன், முக்காலியில். விஷயம் கம்போங் ராஜாவுக்கு எட்டி, நேற்று அக்கா போன் செய்தாள்.

“சரி லா தம்பி, நீயே உக்காரு. வேணாங்கல. ஆனா அந்த இது... வெளிய ஒருத்தருக்கும் தெரியாம பாத்துக்க.”

“சரிக்கா. ஞாயித்துக்கெழம பேப்பர் மட்டும் மறக்காம வாங்கிரு.”