கட்டக் கூடாது என்று சொல்லும் அதிகாரம்

மலை ஏறும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆபீஸ் ஒன்றும், அங்கே இரண்டு நாள் நான் தேய்த்த பெஞ்சும் பின்னால் போய்விட்டன. பஸ் போய்விட்டது, அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. பையில் இருந்த மனுவை யாரும் வாங்கிக்கொள்ளாததால் மடிப்புகூடக் கலையவில்லை.

மனு ஒரு அக்காவுடையது. கல்வராயன் மலையில் சாமை அறுப்புக்குப் போன எனக்கு ஒரு மாதமாகச் சோறு போட்டவர். பழைய குடிசையைப் பிரித்துவிட்டு, அதே இடத்தில் வீடு எழுப்பிக்கொண்டிருந்தார். சுவர் ஜன்னல் உயரம் வந்தபோது ஜீப்பில் ஒருவர் வந்து, அனுமதி எங்கே என்றார். மேஸ்திரி அன்றோடு நின்றுவிட்டார். அக்காவும் இரண்டு பிள்ளைகளும் தார்ப்பாய்க்குக் கீழே. மழை வர அதிகம் போனால் பத்து நாள். ஏழாவது வரை படித்த குற்றத்துக்காக என்னை அனுப்பினார்கள்.

மலை ஜாகீர்தார் கையில் இருந்த காலத்தில் அவர் ஆள் தலையாட்டினால் வீடு. பிறகு பஞ்சாயத்துத் தலைவர் தலையாட்டினார். இப்போது தலையாட்டுவதற்கு முறை வந்திருக்கிறது. ஆபீஸில் கிளார்க் அதைப் பொறுமையாக விளக்கியிருந்தார்.

"சட்டம் வந்துடுச்சிப்பா. அதுக்குக் கீழ விதி வரணும். அப்புறம் ஆணை. ஆணை வந்தா, அனுமதி குடுக்கற அதிகாரத்த எங்களுக்கு ஒப்படைப்பாங்க."

"அதுவரைக்கும் யாருங்க சார் குடுப்பாங்க?"

"யாரும் குடுக்க முடியாது."

"அப்ப ஜீப்புல வந்தவரு?"

"அவரு நிறுத்த வந்தவரு. நிறுத்தற அதிகாரம் எங்களுக்குச் சட்டத்தோடவே வந்துடுச்சே!"

ரேஷன் கடையில் சர்க்கரை வந்து அரிசி வராத மாதம் உண்டு. அப்படித்தான் போல.

பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்தேன்.

"இன்னா சொன்னாங்க?" என்றார் அக்கா.

"அதிகாரம் வந்துக்கினு இருக்குதாம்."

"நடந்தா வருது?" என்று சிரித்தார். பிறகு மேகத்தைப் பார்த்தார். "மழைகிட்ட கொஞ்சம் நில்லுன்னு சொல்லிட்டு வந்தியா?"

மறுநாள் காலையில் எங்கோ இரவல் வாங்கிய கொத்துக்கரண்டியை என் கையில் கொடுத்தார்.

"எனக்குச் சொவுரு வெக்கத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சவன் ஓடிட்டான். நீ வெய்யி."

"ஜீப்பு வந்தா?"

"வரட்டும். கூரை போட்ட வூட்ட இடிக்கறதுக்கு வேற அதிகாரம் வேணுமாம், விசாரிச்சிட்டேன். அது வந்து சேர்றதுக்குள்ள மழை வுட்டுடும்."

சட்டமும் விதியும் ஆணையும் இல்லாமலே என்னை மேஸ்திரியாக்கிவிட்டார். நான் வைத்த முதல் வரிசை கோணலாக வந்தது. பிரித்துவிட்டு மறுபடி வைத்தேன்.