இடம் மாறிய இரண்டு சிலிண்டர்கள்

கோடியக்கரை நிலையத்தில் தீரப்போகிற சிலிண்டரை மாற்றப் போயிருந்தேன். உப்புக் காற்றில் அதன் கழுத்து துரு ஏறிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்தபோது குத்தியிருந்த எண் தெரிந்தது. என் பதிவேட்டில் இருந்த எண் அதுவல்ல.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் கடல் காற்று கோடியக்கரை வழியாக நுழைந்து, சம்பா வயல்களைக் கடந்து வலங்கைமான் பக்கம் வரும். இரண்டு இடத்திலும் கோபுரம் வைத்துக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கிறோம். பிற்பகலில் கரையில் இருந்ததைவிட உள்ளே எவ்வளவு குறைகிறதோ, அதிலிருந்துதான் நடுவிலுள்ள பயிர் எவ்வளவு உறிஞ்சியது என்று கணக்கிடுகிறோம். வித்தியாசம் சில பிபிஎம்தான், அதாவது பத்து லட்சத்தில் சில பங்கு. அதனால் சிலிண்டரில் அடைத்து வரும், கார்பன் டை ஆக்சைடு அளவு தெரிந்த ஸ்டாண்டர்ட் கேஸை அளக்கும் இயந்திரமான அனலைசருக்குத் தினமும் கொடுத்துச் சரிபார்ப்போம். சிலிண்டரின் அளவை நாம் தப்பாக டைப் செய்தால், இயந்திரம் அதையே உண்மையென்று நம்பும்.

நான் செய்தது அதுதான். ஐப்பசியில் இரண்டு புதிய சிலிண்டர்களையும் ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கோடியக்கரைக்குக் கிளம்பினேன். வழியில் ரோட்டில் தண்ணீர். திரும்பி முதலில் வலங்கைமான் போனேன். கொட்டுகிற மழையில் கோடியக்கரைக்கென்று கதவோரம் வைத்திருந்த சிலிண்டரை இறக்கி, ஃபைலைப் பார்த்து வலங்கைமான் சிலிண்டரின் அளவை டைப் செய்துவிட்டேன். கழுத்தைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்தது பிறகு கோடியக்கரைக்குப் போனது.

காவலாளி முருகையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார் ஆச்சு?" என்றார்.

"சிலிண்டர் மாறிப்போச்சு."

"ரெண்டுலயும் ஒரே காத்துதானே சார்?"

இரண்டு சிலிண்டருக்கும் இருந்த வித்தியாசம் ஒன்றரை பிபிஎம். கரையில் அவ்வளவு கூடுதலாகவும், உள்ளே அவ்வளவு குறைவாகவும் காட்டியிருக்கிறது. அந்தப் பருவம் முழுக்க நாங்கள் கொண்டாடிய வித்தியாசத்தில் பாதி, வயல் செய்ததல்ல; நான் செய்தது.

வலங்கைமானுக்கு ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒரே எண்ணம். இன்றையிலிருந்து அளவைச் சரியாகப் போட்டுவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை தஞ்சாவூரில் பணம் ஒதுக்கும் அதிகாரிகளோடும் விவசாயிகளோடும் கூட்டம். எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு உறிஞ்சுகிறது நம் நெல் என்று எங்கள் தலைமை விஞ்ஞானி மேடம் சொல்லப்போகிறார். இந்த அளவீட்டுத் திட்டம் நீடிக்குமா என்பது அந்தக் கூட்டத்தைப் பொறுத்தது. என் வேலையோ காண்ட்ராக்ட்.

வலங்கைமான் சிலிண்டரையும் தேய்த்துப் பார்த்தேன். மாறித்தான் இருந்தது. அங்கேயே வரப்பில் நின்று மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எனக்குக் கோவமா வருது, ஆரோக்கியம். இப்ப பேசினா ஏதாவது சொல்லிடுவேன். கொஞ்ச நேரம் கழிச்சு நானே கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே காத்திருந்தேன். சொன்னபடி கூப்பிட்டார். "ரெண்டையும் லேபுக்குக் கொண்டாங்க. திரும்ப அளந்து பாத்துடுவோம். கணக்கை நான் மாத்துறேன். நாளைக்கு வேற யாரோ கண்டுபிடிச்சுச் சொல்றதுக்கு முன்னாடி, நாமே சொல்லிடலாம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினோம். என்னைக் குத்திக்காட்டும் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

கூட்டத்தில் மேடம், "தப்பு எங்க பக்கம்தான். முன்ன சொன்ன அளவுல பாதிதான் சரி" என்றார். பெயர் சொல்லவில்லை. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, "சிலிண்டரை மாத்தி வெச்சது நான்தாங்க" என்றேன். அதிகாரி ஒருவர் முகம் சுளித்தார்.

பின்வரிசையிலிருந்து செல்வராணி எழுந்தார். வலங்கைமானில் எங்கள் கோபுரத்தைச் சுற்றியுள்ள நிலத்தைக் குத்தகைக்குச் செய்பவர். "சார், நெல்லு விக்கப் போனா ஈரப்பதம் பாக்குற மிஷின் ஒவ்வொரு எடத்துல ஒண்ணு காட்டும். கேட்டா மிஷின் சரிதாம்பாங்க. என் மிஷின் தப்பா காட்டிருச்சுன்னு எழுந்து நின்னு சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். இவங்க சொல்ற பாதியை நான் நம்புறேன்" என்றார்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. சுளித்த முகமும் சிரித்தது. மூன்று வருட நீட்டிப்புக் கேட்ட திட்டத்துக்கு ஒரு வருடம் கிடைத்தது. என் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கச் சொல்லி மேடமே கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு திட்டம் வருடா வருடம் நீண்டது; நான் சீனியர் டெக்னீஷியன் ஆனதும் இதே வேலையில்தான்.

சிலிண்டரை இறக்கினால் கழுத்து எண்ணை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் எழுத வேண்டும். அது இன்று நம் நிலையங்களில் விதி. அதையும் மீறித் தப்பு நடக்கும். நடந்தால், அன்றைக்கே போன் செய்யுங்கள். எதிர்ப்பக்கம் கோபப்படுவார்கள். காத்திருங்கள். எனக்குத் திரும்பக் கூப்பிட ஒருவர் இருந்தார். உங்களுக்கு நான் இருக்கிறேன்.