ஆடியில் விதைத்த மான்கீரை

லண்டனில் மானுக்கென்று கீரை விதைத்த தமிழ்க் குடும்பம் எங்களுடையதுதான். வேறு யாரும் விதைத்ததாக நான் கேள்விப்படவில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஓம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். இரண்டாம் வகுப்போடு யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவள் நான். தமிழ் எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். பேரப்பிள்ளைகள் கண்ட பிறகு என்ன அவசரம், ஆறுதலாகவே சொல்கிறேன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. மோர்டனில் எங்கள் வீட்டில் அம்மாவின் தம்பி, என் மாமா, தங்கியிருந்தார். மாமியும் மகளும் ஊரில். மகள் தவழ்ந்து திரிந்தபோது புறப்பட்டு வந்த மனிதர். அந்த வருடம் அவளுக்கு ஆறு வயது. குரல் பதிந்த கசட்டுகள்தான் இரண்டு பக்கமும் போய்வந்தன.

அந்த மாசியில் வந்த கசட்டில் மாமி நல்ல சேதி சொல்லியிருந்தார். விசா கிடைத்துவிடும், வருட முடிவில் வந்துவிடலாம். அதற்குப் பின்னால் ஒரு சின்னக் குரல்: "நான் வரேல்லை. என்ர ஆட்டுக்குட்டிய ஆர் பாக்கிறது?"

மாமா உடனே பதில் பதிந்தார். "இஞ்ச உனக்கு ஒரு மான் நிக்குது, பிள்ளை. நீ வாறதைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது."

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, "எங்கயடா நிக்குது? குசினிக்குள்ளயோ?" என்று கேட்டதும் கசட்டில் பதிந்துவிட்டது. மாமா அதை அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினார்.

அவர் முழுப் பொய் சொல்லவில்லை. கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டு ஒன்று எங்களிடம் இருந்தது. பஸ்ஸில் கன தூரம்; வீடுகள் முடிந்து காடு தொடங்குகிற இடம். குளிர் மாரியில் காட்டு மான்கள் இறங்கி எல்லோருடைய முட்டைக்கோவாவையும் கடித்துவிடும். அதனால் தோட்டக்காரருக்கெல்லாம் தலைவியாக இருந்த வெள்ளைக்கார அம்மா, காட்டோரமாக ஒரு நீளத் துண்டை மிருகங்களுக்கென்றே ஒதுக்கியிருந்தார். அதில் டேர்னிப், கேல் என்று கோவா இனத்து இலைகளை விதைத்துவிட்டால், மான் அங்கேயே வயிறு நிரம்பித் திரும்பிவிடும். ஆனால் தன் வீட்டுச் சட்டிக்கு உதவாத துண்டில் யார் முதுகு வளைப்பது? மாமா கையை உயர்த்தினார். உதவிக்கு நான். பாதித் துண்டு எனக்கு என்று பேசித்தான் போனேன்.

விதைப்புக்கு நேரம் குறித்தது அம்மா. பஞ்சாங்கத்தைப் புரட்டி, சித்திரை வருடப் பிறப்புக்கு அடுத்து வந்த நல்ல நேரத்தைக் கொடுத்தார். மாமா தேங்காய் உடைத்து விதைத்தார். ஆனி மாதத்தில் துண்டு முழுக்க மஞ்சள் பூ. தேனீக்கள் மொய்த்தன. கேல் இலைகளைப் புழு அரித்துச் சல்லடையாக்கியிருந்தது, ஆனால் பூவின் அழகில் அதை யார் பார்த்தது? நாங்கள் இருவரும் வெற்றியாளர்களைப் போல நின்றோம்.

தலைவி வந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: இளவேனிலில் விதைத்தால் பூத்து, விதை கட்டி, வைக்கோலாகிவிடும். மான் வரும் மாரியில் ஒரு இலையும் மிஞ்சாது. ஜூலை பாதி போனதும் விதைக்க வேண்டும். உறைபனிக்கு முன் இலை முற்ற அதற்குக் காலம் வேண்டும். உறைபனி பட்டபின் இலை இனிக்கும். அந்த இனிப்புக்குத்தான் மான் வரும்.

ஜூலை பாதி என்றால் ஆடி. அம்மா குதித்தார். "ஆடியில ஆரும் ஒண்டைத் தொடங்குவினமோ? ஆவணி பிறக்கட்டும்."

"ஆவணியில விதைச்சா இலை விரலளவுதான் வருமாம், அக்கா. பனி அதை அப்பிடியே கருக்கிப்போடும்."

"அதுக்கு? பெண்சாதி பிள்ளை வாற நேரத்தில ஆடியில கை வைப்பியோ?"

மாமா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு மிகவும் பணிவாகச் சொன்னார்: "தொடங்கினது சித்திரையில எல்லோ, அக்கா? நீங்கள் பாத்துத் தந்த நேரம். இது அதின்ர மிச்ச வேலை."

அதை மறுத்தால், தான் குறித்த நேரம் பிழை என்று அம்மாவே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆடிப்பிறப்பன்று தேங்காய்ச் சொட்டுப் போட்ட கூழைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு தானும் தோட்டத்துக்கு வந்துவிட்டார். பூத்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு நாங்கள் மறுபடி விதைத்தோம். தலைவி ஒரு கோப்பைக் கூழ் குடித்துவிட்டு, இன்னொரு கோப்பைக்குக் கை நீட்டினார்.

புரட்டாதியில் இலை என் இடுப்பளவு. இப்போது மாமாவுக்குப் பயம் புழுவில் இல்லை, அம்மாவில்.

"இவ்வளவும் மானுக்கோ? தேங்காய்ப்பூப் போட்டு ஒரு வறை வறுக்கத் தாவன்ரா."

"அக்கா, கைய எடுங்கோ!"

"மான் வந்தாச் சொல்லு. அதிட்டையே கேட்டு முறிக்கிறன்."

மார்கழியில் மாமியும், என் மச்சாளான அவர் மகளும் வந்து இறங்கினார்கள். மச்சாள் மாமியின் சேலையை விடவில்லை. மாமா கிட்டப் போனால் பின்னால் ஒளிந்தாள். அவரைக் கூப்பிட அவளுக்கு ஒரு சொல்லும் இருக்கவில்லை. மாமி சொல்வதைப் போலவே அவளும் "அவர்" என்றாள். "அவர் சொன்ன மான் எங்க?" என்று மாமியிடம்தான் கேட்டாள். மாமா ஒவ்வொரு நாளும் யன்னலைத் திறந்து, உறைபனி விழுந்ததா என்று பார்த்தார். மழைதான் பெய்தது.

ஒரு சனிக்கிழமை கார்க் கண்ணாடிகளெல்லாம் வெள்ளை. மாமா எங்களை முதல் பஸ்ஸில் ஏற்றினார். தோட்டத்துக் கொட்டிலின் பின்னால் மூச்சுப் புகையை அடக்கிக்கொண்டு நின்றோம். கால் விறைத்தது. அம்மா திரும்பிப் போவோம் என்று வாயெடுத்த நேரம், காட்டுக்குள் இருந்து ஒன்று வந்தது. ஆட்டை விடக் கொஞ்சம் பெரிது. துண்டுக்குள் இறங்கி, நின்று, ஒரு இலையை இழுத்துக் கடித்தது.

மச்சாள் மாமியின் சேலையை விட்டாள். மாமாவின் கையைப் பிடித்து உலுப்பினாள்.

"அப்பா! அங்க பாருங்கோ அப்பா! கட்டாமலே நிக்குது!"

மான் காதை ஆட்டிவிட்டு அடுத்த இலையைக் கடித்தது. அது தின்றது என் பாதியில். அதை மாமாவுக்குச் சொல்லத் திரும்பினேன். அவர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, கொட்டிலில் தொங்கிய பூவாளியை எடுத்துத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். குழாய் உறைந்து கிடந்தது. நிலமும் கல்லாகக் கிடந்தது. வெறும் பூவாளியைப் பிடித்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி, அங்கேயே வெகுநேரம் நின்றார்.

இந்தப் பனியில் எதற்குத் தண்ணீர் விடப் போனார், விசர் பிடித்த மாமா என்று நான் நினைத்தேன்.