டிரான்சிஸ்டரில் இருந்த நான்கு செல்கள்

நான் ஒரு பத்திரிகையில் விளையாட்டுப் புகைப்படக்காரியாகச் சேர்ந்த புதிது. பெங்களூரில் கால்பந்து இறுதிப் போட்டி. "முதல் பக்கத்துக்குப் படம் வேணும். வரலைன்னா நாளைக்கு நீயும் வராதே" என்று சொல்லித்தான் ஆசிரியர் அனுப்பியிருந்தார்.

ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டி உதைக்கு வந்தபோது கேமராவில் பேட்டரி செத்துவிட்டது. சிவாஜிநகரில் வாங்கி வைத்திருந்த புது செல்களைப் போட்டேன். அதிலும் உயிரில்லை. மற்ற புகைப்படக்காரர்களிடம் கெஞ்சினேன். அவர்களுடைய கேமராக்களுக்கு வேறு வகை பேட்டரி. அதற்குள் முதல் உதை கோலாகிவிட்டது. வெட்கத்தை விட்டு, கேலரியைப் பார்த்துக் கத்தினேன்.

"யார்கிட்டயாவது பென்சில் செல் இருக்குதா?"

முன்வரிசையில் ஒருவர் டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டிவைத்து கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஸ்வல்ப இரும்மா" என்று கன்னடம் கலந்து கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அதன் பின்மூடியைக் கழற்றினார்.

"யோவ், கடைசி ஓவர்யா! இந்தியா ஜெயிக்கப் போவுது!" என்று பக்கத்தில் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள்.

"இருக்கட்டும்பா. அந்தப் பொண்ணு அழுதுடும் போல இருக்குது" என்றபடி நான்கு செல்களையும் கம்பிவேலி வழியாக நீட்டினார்.

அவசரத்தில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டு, மறுபடி எடுத்துப் போட்டேன். கோல்கீப்பர் பாய்ந்து கடைசி உதையைத் தடுத்தது படத்தில் விழுந்தது.

செல்களைத் திருப்பித் தர ஓடினேன்.

"படம் வந்துச்சாம்மா?"

"வந்துச்சுங்க. கிரிக்கெட் என்ன ஆச்சு?"

"தெரியல. இந்நேரம் வர்ணனையே முடிஞ்சிருக்கும். வெளிய போய் யாரையாவது கேக்கணும்" என்று சிரித்தார்.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் கடைசி ஓவரை விட்டுக்கொடுத்திருப்பேனா? இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.