பிஸ்கட் டப்பாவில் கிடந்த வால்வு

மதுரை தல்லாகுளத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது. கூரையை மடக்கி வைக்கலாம், இரண்டு பேர்தான் உட்காரலாம். அவருடைய மாமனார் வாங்கிய வண்டி. அதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், வாயை அதிகம் திறக்காதவன். சாரிடம் பேச வேண்டியதையெல்லாம் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் பேசுவேன்.

போன வருடம் அவர் மகளுக்கு மேலூர் சர்ச்சில் கல்யாணம். தாத்தா காரில், அப்பா ஓட்டித்தான் சர்ச்சுக்குப் போவேன் என்று அந்தப் பெண் ஒரே பிடியாக நின்றாள். ஆனால் வண்டி மேலூர் வழியில் இருக்கும் ஒத்தக்கடையைக்கூடத் தாண்டாது. அதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறி, ரேடியேட்டர் மூடியில் ஆவி சீறும். பல வருடமாக இதே கதை. சாரின் மனைவி பேசாமல் ஒரு ஏசி வண்டிக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன். அடைப்பில்லை. தண்ணீர் பம்பு நன்றாக இருந்தது, ஃபேன் பெல்ட் புதிது. திரும்ப மாட்டி ஓட விட்டால் எஞ்சின் கொதிக்கிறது. ரேடியேட்டரின் அடியில் கை வைத்தேன். லேசான வெதுவெதுப்புதான். சுடுதண்ணீர் ஆறுவதற்கு அங்கே வரவில்லை என்றால் வேறு எங்கோ சுற்றுகிறது.

மேல் குழாயைக் கழற்றினேன். உள்ளே வட்டமாக ஒரு காலி இடம். பார்த்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

அங்கே ஒரு வால்வு இருக்க வேண்டும். எஞ்சின் சூடேறும்வரை அது தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. குளிர் நாட்டுக்குத்தானே அது, நம் வெயிலுக்கு எதற்கு என்று, வருகிற வண்டியிலெல்லாம் பிடுங்கிப் போடுவது எங்கள் பட்டறைப் பழக்கம். பல வண்டிகள் கண்டுகொள்ளாமல் ஓடும். இதில் மட்டும் எஞ்சினுக்கே திரும்புகிற குறுக்கு வழி ஒன்று உண்டு. வால்வு திறக்கும்போது அந்த வழியை மூட வேண்டும். மூட ஆள் இல்லாததால் தண்ணீர் அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடம் முன்பு பிடுங்கியது நான்தான்.

நல்லவேளை, நான் எதையும் எறிவதில்லை. பட்டறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. வேலை செய்கிறதா என்று பார்க்க எதிர் டீக்கடைக்குக் கொண்டுபோய்க் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன்.

"என்னண்ணே, இரும்பை அவிக்கிறீங்க? எம்புட்டு நேரம் வேகணும்?" என்றார் டீ மாஸ்டர்.

"வாயைத் திறக்கிற வரைக்கும்."

"அப்ப நீங்களும் கொஞ்ச நேரம் உள்ள இறங்குங்கண்ணே."

கடையே சிரித்தது. வால்வு மெல்லத் திறந்தது. வெளியே எடுத்து ஆறவிட்டதும் மூடிக்கொண்டது.

மாட்டி முடித்ததும் சாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. குனிந்தபடியே சொன்னேன். "சார், வண்டி மேல குத்தமில்ல. இந்த வால்வை அன்னைக்கு நான்தான் பிடுங்குனேன்."

சாரின் செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது.

"அப்ப நீதானா? நான் பன்னெண்டு வருசமா மதுரை வெயிலத் திட்டிக்கிட்டு இருந்தேனப்பா."

அவர் சிரிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் தலையை வெளியே எடுத்தேன்.

கல்யாணத்தன்று முன்னால் சிவப்புக் காரில் அப்பாவும் மகளும். அடுத்து ஏசி வண்டியில் அம்மா. கடைசியாக டூவீலரில் நான், இரண்டு கேன் தண்ணீரோடு. ஒத்தக்கடையில் சார் கையை வெளியே நீட்டினார். நிறுத்தப் போகிறார் என்று பதறி முன்னே போனேன்.

"முள்ளு பாதியிலயே நிக்குதுப்பா," என்றார். பெண் தலையில் போட்டிருந்த வெள்ளை நெட்டைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மேலூரில் சர்ச் வாசலில் வண்டி நின்றது. நான் வழக்கம்போல் மரத்தடிக்கு ஒதுங்கினேன். இறங்கியவள் நேராக என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, உள்ள வாங்க. நீங்க வந்தாத்தான் நான் போவேன்."

"கையெல்லாம் கிரீஸா இருக்கும்மா."

"அதான் ரெண்டு கேன் தண்ணி மிச்சம் இருக்குல்ல?"

ஒரு கேன் முழுவதையும் ஊற்றிக் கழுவிவிட்டு உள்ளே போனேன்.